பைக்ல பேட்டரி சார்ஜ் ஏறலையா? அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

புது பேட்டரி போட்டு ரெண்டு மாசம் கூட ஆகல, காலைல செல்ஃப் அமுக்கினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. முக்காவாசி பேர் இந்த ஒரு வரியோட தான் வர்றாங்க. முதல்ல பேட்டரிய மாத்தறாங்க, அப்புறம் ரெக்டிஃபையர், அப்புறம் காயில், கடைசில பாத்தா ஏதோ ஒரு வயர் கப்ளர் (வயர்கள ஒண்ணோட ஒண்ணு சேக்கற பிளாஸ்டிக் பிளக்) கருகி உக்காந்திருக்கும். நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணு தான்: அளந்து பாக்காம ஒரு பார்ட்ஸையும் மாத்தாதீங்க. ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும் இருந்தா பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துடும்.

வண்டில சார்ஜிங் எப்படி நடக்குது, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க?

இஞ்சின் சுத்தும்போது கிராங்க் நுனில ஒரு காந்தச் சக்கரம் சேந்து சுத்தும், அதுக்குள்ள செப்புக் கம்பி சுத்தின காயில் ஒண்ணு அசையாம நிக்கும், அது தான் ஸ்டேட்டர். அதுலேர்ந்து வர்றது ஏசி கரண்ட். இப்ப வர்ற பெரும்பாலான வண்டில மூணு வயர், அனேகமா மூணும் மஞ்சள் இல்லன்னா மூணும் வெள்ளை. அது ஒரு கப்ளர் வழியா ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் யூனிட்டுக்கு போகும், சுருக்கமா ஆர்ஆர்னு சொல்லுவாங்க. அது ஏசிய டிசியா மாத்தி, 14 வோல்ட் சுமாருக்கு கட்டுப்படுத்தி, பியூஸ் வழியா பேட்டரிக்கு அனுப்பும். அவ்வளவு தான் மொத்த சிஸ்டமும்.

இதுல ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுக்கணும், மத்த எல்லாமே இதுலேர்ந்து தான் வருது. கார் ஆல்டர்னேட்டர்ல காந்த சக்திய கூட்டிக் குறைக்கலாம், தேவைக்கு ஏத்த மாதிரி கரண்ட் எடுப்பாங்க. பைக்ல இருக்கறது நிரந்தர காந்தம், அத குறைக்க வழியே இல்ல, இஞ்சின் வேகமா சுத்தினா காயில் தன்னால முடிஞ்ச அளவு உற்பத்தி பண்ணிட்டே இருக்கும். வண்டிக்கு தேவைப்படாத மீதிய என்ன பண்றது? பழைய மாடல் ஷண்ட் டைப் ஆர்ஆர், அந்த மீதிய காயிலுக்கே திருப்பி ஷார்ட் பண்ணி விட்டுடும். அதனால தான் ஆர்ஆர் தொட முடியாத அளவு சுடுது, அதனால தான் அதுக்கு முதுகுல வரி வரியா அலுமினிய இறக்கை வச்சிருக்காங்க. காயிலும் நீங்க லைட் போட்டாலும் போடாட்டியும் எப்பவும் முழு லோடுல தான் கிடக்கும். கப்ளர் கருகறது, காயில் எரியறது, ஆர்ஆர் போறது மூணுக்கும் பொது எதிரி சூடு தான். சீரிஸ் டைப் ஆர்ஆர் மீதிய ஷார்ட் பண்ணாம சர்க்யூட்ட திறந்து விடும், அதனால அதுல இந்த சூடு ரொம்ப கம்மி.

பேட்டரி போச்சா சார்ஜிங் போச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

போக்க வச்சே ஓரளவு சொல்லலாம். நல்லா சார்ஜ் போட்ட பேட்டரிய மாட்டினா ஒண்ணு ரெண்டு நாள் நல்லா ஓடி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டல் அடிக்குதுன்னா சார்ஜிங் மேல சந்தேகப்படுங்க. ஓட்டிட்டு வந்து நிறுத்தும்போது நல்லா இருக்கு, காலைல செத்து கிடக்குன்னா பேட்டரி வீக், இல்லன்னா எங்கயோ கரண்ட் லீக். ஓடிட்டு இருக்கும்போதே ஹெட்லைட் மங்கி, இண்டிகேட்டர் ஒழுங்கா அடிக்காம, மீட்டர் அணைஞ்சு அணைஞ்சு வந்து, ஏபிஎஸ் லைட் எரிஞ்சு, எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியா இருந்தா இஞ்சினே திக்கித் திணறுதுன்னா சார்ஜ் சுத்தமா வரலன்னு அர்த்தம். பல்பு அடிக்கடி பியூஸ் ஆகுது, பேட்டரி உப்பிப் போச்சு, ஆசிட் வாசனை வருதுன்னா அது நேர் எதிர், ஓவர்சார்ஜ்.

மல்டிமீட்டர் யூஸ் பண்ணத் தெரியாது, கஷ்டமா?

இல்ல. பேட்டரிக்கு டிசி 20 வோல்ட், காயிலுக்கு ஏசி 200 வோல்ட், காயில் ரெசிஸ்டன்ஸுக்கு 200 ஓம், டயோடு குறி போட்ட ஒரு இடம். இந்த நாலு இடம் தெரிஞ்சா போதும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, சிவப்பு வயர 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி வச்சுட்டு அப்படியே பேட்டரில வோல்டேஜ் பாக்க வச்சா அது நேரடி ஷார்ட், தீப்பொறி பறக்கும், மீட்டர் போய்டும். ஆம்பியர் அளந்து முடிச்ச உடனே வயர பழைய ஓட்டைக்கு மாத்திடற பழக்கம் வச்சுக்கோங்க.

முதல்ல எத அளக்கணும்?

பேட்டரிய. எதுக்குன்னா வீக்கான பேட்டரிய வச்சுக்கிட்டு மத்தத அளந்தா எல்லா ரீடிங்கும் பொய் சொல்லும். வண்டி ஓட்டி நிறுத்தின உடனே பாக்காதீங்க, மேலோட்டமான சார்ஜ் கூட காட்டும், நாலஞ்சு மணி நேரம் விட்டு பாருங்க, அவசரம்னா ஹெட்லைட்ட ஒரு நிமிஷம் போட்டு அணைச்சுட்டு பாருங்க. 12.6லேர்ந்து 12.8 வரைக்கும் இருந்தா ஃபுல். 12.4ன்னா முக்கால். 12.2ன்னா பாதி. 12க்கு கீழ போச்சுன்னா காலி, அத சார்ஜர்ல போட்டு முழுசா ஏத்திட்டு தான் அடுத்த டெஸ்ட்டுக்கே போகணும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்துலயே நிக்குதுன்னா உள்ள ஆறு செல்லுல ஒண்ணு செத்துப் போச்சு (ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட் சுமாருக்கு), அந்த பேட்டரிய மறந்துடுங்க.

வோல்ட் சரியா இருந்தாலும் லோடு தாங்குதான்னு பாக்கணும். மீட்டர பேட்டரி முனைல வச்சுக்கிட்டே செல்ஃப் அமுக்குங்க. அமுக்கற நேரத்துல 9.6, 10க்கு மேல நின்னா நல்ல பேட்டரி. 12.7 காட்டிட்டு செல்ஃப் அமுக்கின உடனே 7, 8னு விழுந்தா உள்ள தகடு எல்லாம் சல்பேட் பிடிச்சு போச்சு, வோல்ட் இருக்கு, ஆனா கரண்ட் குடுக்க சக்தி இல்ல.

சார்ஜ் வருதான்னு எப்படி பாக்கறது?

நல்லா சார்ஜ் உள்ள பேட்டரி, காத்தோட்டமான இடம், இஞ்சின் நல்லா சூடாகி இருக்கணும். மீட்டர டிசி 20ல வச்சு பேட்டரி முனைலயே பிடிங்க, வயர் முனைல இல்ல, பேட்டரியோட ஈயக் கட்டைல. ஐடில்ல 13 சுமாருக்கு இருக்கும், சில வண்டில கொஞ்சம் கம்மியாவும் இருக்கும். மெதுவா ரைஸ் பண்ணி 4000, 5000 ஆர்பிஎம் கொண்டு போங்க. 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் வந்து அங்கயே நிக்கணும். ஹெட்லைட் ஹை பீம்ல போட்டு அதே மாதிரி பாருங்க, 13.5க்கு கீழ போகக் கூடாது. உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல வேற நம்பர் இருந்தா அது தான் கணக்கு.

ரைஸ் பண்ணாலும் 12.3லயே நிக்குது, ஏறவே மாட்டேங்குது. ஆர்ஆர் மாத்திடலாமா?

வேண்டாம், இருங்க. முதல்ல பேட்டரி முனை ரெண்டும் கையால ஆட்டிப் பாருங்க, லூஸா இருந்தா டைட் பண்ணுங்க, வெள்ளை, பச்சைன்னு பொரிஞ்சு போயிருந்தா சமையல் சோடா கலந்த தண்ணி விட்டு பிரஷ் போட்டு கழுவி காய வச்சு வேசலின் தடவுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல. அப்புறம் மெயின் பியூஸ், அத வெளிய எடுத்து மீட்டர் வச்சு பாருங்க, கண்ணுக்கு நல்லா இருக்கற மாதிரியே இருந்து உள்ள வெடிப்பு விட்டிருக்கும். அதுக்கு அப்புறம் தான் முக்கியமான இடம், ஸ்டேட்டருக்கும் ஆர்ஆருக்கும் நடுவுல இருக்கற கப்ளர்.

என் வண்டிலயே நடந்தது. ரெண்டு பேட்டரி மாத்தினேன், ஒரு ஆர்ஆர் மாத்தினேன், மூணாவது தடவ சைடு கவர கழட்டிட்டு சும்மா விரல வச்சு வயர தடவிட்டே போனேன், ஒரு இடத்துல வயர் முறுக்கு கம்பி மாதிரி விறைப்பா இருந்துச்சு. வெள்ளையா இருக்க வேண்டிய கப்ளர் டீத்தண்ணி கலர்ல இருந்துச்சு. இழுத்தேன் வரல, பிளாஸ்டிக் உருகி ஆணும் பெண்ணும் ஒட்டிப் போச்சு. அறுத்து எடுத்து பாத்தா மூணு பின்ல நடு பின் மட்டும் கரி. புது ஆர்ஆரையும் அதே கருகின கப்ளர்லயே மாட்டி விட்டிருக்காங்க, நானும் பாக்கல. அந்த மூணு வயரையும் வெட்டி நேரா ஜாயிண்ட் போட்ட உடனே 14.2 வந்துச்சு.

கப்ளர் ஏன் கருகுது?

பின் கொஞ்சம் லூஸ் ஆனாலோ, தண்ணி போய் பச்சைக் களிம்பு பிடிச்சாலோ அந்த இடத்துல ரெசிஸ்டன்ஸ் வரும். 0.1 ஓம் தான்னு வச்சுக்கோங்க, 15 ஆம்பியர் போனா 15ஐ 15ஆல பெருக்கி 0.1ஆல பெருக்கினா 22.5 வாட். சாதாரண பிரேக் லைட் பல்பு 21 வாட். அந்த பல்ப எரிய விட்டு கையில பிடிச்சு பாருங்க, அந்த சூடு ஒரு தீப்பெட்டில பாதி சைஸ் பிளாஸ்டிக்குக்குள்ள அடைஞ்சு கிடக்குது. சூடு ஏற ஏற பின் இன்னும் தளர்ந்து ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், அப்படியே போய் உருகிடும்.

சரி பண்றதுக்கு, கருகின வரைக்கும் வயர வெட்டிடுங்க, செம்பு கறுத்துப் போயிருந்தா பளபளன்னு வர்ற இடம் வரைக்கும் பின்னாடி போங்க. நல்ல சால்டர் வச்சு ஜாயிண்ட் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க, இல்லன்னா ஆம்பியர் தாங்கற தண்ணி புகாத கப்ளர் போடுங்க. மூணு மஞ்சள் வயருக்கும் வரிசை கிடையாது, எது எதோட சேந்தாலும் ஒண்ணு தான். முறுக்கி டேப் சுத்தி மட்டும் விடாதீங்க, ஒரு மழைக்கு தாங்காது.

ஸ்டேட்டர் காயில் நல்லா இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றது?

வண்டிய ஆஃப் பண்ணி கப்ளர கழட்டுங்க, இஞ்சின் பக்கம் இருக்கற மூணு பின்ல தான் டெஸ்ட். 200 ஓம்ல வச்சு ரெண்டு ரெண்டா மூணு ஜோடியும் பாருங்க, 0.1லேர்ந்து 1 ஓம் வரைக்கும் வரும், மூணும் ஒரே மாதிரி இருக்கணும். மீட்டரோட ரெண்டு முள்ளையும் (வயர் நுனில இருக்கற கம்பி) ஒண்ணோட ஒண்ணு வச்சா காட்டற 0.2, 0.3ஐ கழிச்சுக்கோங்க. அடுத்து ஒவ்வொரு பின்னுக்கும் இஞ்சின் பாடிக்கும் நடுவுல பாருங்க, எதுவுமே காட்டக் கூடாது. காட்டினா காயில் எர்த் ஆயிடுச்சு, மாத்தணும்.

ஆனா ஓம் டெஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க, காயிலுக்குள்ள சுத்து சுத்தோட ஷார்ட் ஆனா சாதா மீட்டருக்கு தெரியாது. ஏசி டெஸ்ட் தான் உண்மைய சொல்லும். கப்ளர் கழட்டினபடியே ஸ்டார்ட் பண்ணி, மீட்டர ஏசி 200ல வச்சு, மறுபடி மூணு ஜோடியும் பாருங்க. ஐடில்ல 15, 20 வோல்ட், 5000ல பல வண்டில 50லேர்ந்து 70 வரைக்கும் வரும். நம்பர விட முக்கியம் மூணும் சமமா இருக்கறது. ரெண்டு ஜோடி 60, ஒண்ணு மட்டும் 35ன்னா காயில் போச்சு. இந்த நேரத்துல பின்ன கையால தொடாதீங்க, ஷாக் அடிக்கும். சில காயில் குளிர்ந்து இருக்கும்போது நல்லா காட்டிட்டு சூடானா விழும், அதனால அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து இன்னொரு தடவ பாருங்க.

ஆர்ஆர் டெஸ்ட்?

டயோடு குறில வச்சு, சிவப்பு முள்ள ஒரு மஞ்சள் பின்ல, கருப்ப ஆர்ஆரோட பாசிட்டிவ் வெளிய வர்ற பின்ல வச்சா 0.4லேர்ந்து 0.6 மாதிரி காட்டும், முள்ள மாத்தி வச்சா ஒண்ணும் காட்டாது. நெகட்டிவ் பக்கம் உல்டா, சிவப்பு நெகட்டிவ்ல, கருப்பு மஞ்சள்ல. மூணு மஞ்சளுக்கும் ஒரே மாதிரி வரணும். ரெண்டு பக்கமும் காட்டினா டயோடு ஷார்ட். சீரிஸ் டைப்ல ரீடிங் வேற மாதிரி வரும், அத வச்சு போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. இந்த டெஸ்ட் பாஸ் ஆனாலும் உள்ள இருக்கற கட்டுப்பாடு சர்க்யூட் போயிருக்கலாம், அதுக்கு நேரடி டெஸ்ட் வீட்ல கிடையாது. பேட்டரி ஓகே, காயில் ஓகே, வயர் ஓகே, ஆனாலும் சார்ஜ் சரியில்லன்னா மிச்சம் இருக்கறது ஆர்ஆர் தான், அப்ப தைரியமா மாத்துங்க.

வயர்ல பிரச்சனை இருக்கான்னு கழட்டாமலே தெரியுமா?

தெரியும், ரொம்ப பேர் பண்ணாத, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச டெஸ்ட் இது. இஞ்சின் 4000ல, ஹெட்லைட் ஆன்ல. ஒரு முள் ஆர்ஆரோட பாசிட்டிவ் பின்ல பின்பக்கமா சொருகி, இன்னொண்ணு பேட்டரி பாசிட்டிவ்ல. காட்டற வோல்ட் தான் வழியில வீணா போறது. 0.2, 0.3க்குள்ள இருக்கணும். அதே மாதிரி ஆர்ஆர் நெகட்டிவ் டு பேட்டரி நெகட்டிவ். அங்க 0.8, 1 வோல்ட் காட்டினா எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கு, ஆர்ஆர்லேர்ந்து பேட்டரி நெகட்டிவ்க்கு நேரா ஒரு தடிப்பான வயர் இழுத்து விடுங்க, நிறைய வண்டி இதுலயே சரியாயிடும்.

15 வோல்ட்டுக்கு மேல போகுது, என்ன பண்ண?

ஓட்டாதீங்க. பேட்டரி கொதிக்கும், ஸ்பீடோமீட்டர், ஈசியூ (இஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) வரைக்கும் போகும். அனேகமா ஆர்ஆர் தான், ஆனா சில வண்டில ஆர்ஆருக்கு வோல்டேஜ் பாக்கறதுக்குன்னே ஒரு மெல்லிசான சென்ஸ் வயர் தனியா இருக்கும், அது கீ சுவிட்ச் வழியா வரும். அந்த சுவிட்ச் காண்டாக்ட்ல 1 வோல்ட் விழுந்தா ஆர்ஆர் பேட்டரி கம்மியா இருக்குன்னு நெனச்சு 1 வோல்ட் கூட ஏத்தும். அதனால சென்ஸ் வயர்ல பேட்டரிக்கு சமமான வோல்ட் வருதான்னு பாத்துட்டு ஆர்ஆர மாத்துங்க.

சார்ஜிங் 14.2 வருது, ஆனா நாலு நாள் நிறுத்தினா பேட்டரி காலி?

லீக் பாக்கணும். கீ ஆஃப், பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரி நெகட்டிவ்க்கும் நடுவுல மீட்டர ஆம்பியர்ல வச்சு மாட்டுங்க, முதல்ல 10 ஆம்பியர்ல, ரொம்ப கம்மின்னு தெரிஞ்சா மில்லி ஆம்பியருக்கு வாங்க. இந்த நேரத்துல கீ ஆன் பண்ணவோ செல்ஃப் அமுக்கவோ கூடாது. கடிகாரம், ஈசியூ மெமரிக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு மில்லி ஆம்பியர் போறது சாதாரணம். 30 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர் (பேட்டரி கொள்ளளவ சொல்ற அளவு), 9 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஆறே நாள்ல பாதி ஆயிடும். பியூஸ் ஒண்ணொண்ணா பிடுங்கிட்டே வாங்க, எத பிடுங்கினா ரீடிங் விழுதோ அந்த லைன். ஆர்ஆர் கப்ளரையும் கழட்டி பாருங்க, லீக் ஆன டயோடும் ராத்திரி பூரா பேட்டரிய குடிக்கும். வெளிய வாங்கி மாட்டின அலாரம், ஜிபிஎஸ், போன் சார்ஜர் தான் நான் பாத்தவரைக்கும் அதிகம், நேரா பேட்டரில மாட்டாம கீ ஆன்ல வேலை செய்யற ரிலே வழியா மாட்டினா இந்த தொல்லையே இல்ல.

ஃபாக் லைட் எல்லாம் மாட்டினா சார்ஜிங் தாங்குமா?

மேனுவல்ல 200 வாட்னு போட்டிருந்தா அது 5000 ஆர்பிஎம்ல, ஐடில்ல அதுல பாதி கூட வராது. எல்லா லைட்டையும் போட்டு நீங்க சாதாரணமா ஓட்டற ஆர்பிஎம்ல பேட்டரி வோல்ட் பாருங்க, 13க்கு கீழன்னா சம்பாதிக்கறத விட செலவு ஜாஸ்தி. எல்இடி மாத்தினா பேட்டரிக்கு நல்லது, ஆனா ஷண்ட் டைப் ஆர்ஆர்ல மிச்சமாகற கரண்ட் ஆர்ஆருக்கு தான் சூடா போகும், அதனால அதுக்கு காத்து படுதான்னு பாத்துக்கோங்க.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி வயர கழட்டி ஆர்ஆர் டெஸ்ட் பண்றாங்களே?

பண்ணாதீங்க, பண்ண விடவும் விடாதீங்க. பேட்டரி தான் வோல்டேஜ் குதிக்காம பிடிச்சு வச்சுக்கறது, அத எடுத்த நொடில வோல்ட் எகிறி ஈசியூ, மீட்டர், எல்இடி எதுவும் போகலாம்.

காலியான பேட்டரிய வண்டி ஓட்டியே ஏத்திடலாமா?

பாதி இருந்தா சரி. சுத்தமா காலின்னா சார்ஜர்ல போடுங்க, ஆம்பியர் ஹவர்ல பத்துல ஒரு பங்கு கரண்ட், 9க்கு 0.9 ஆம்பியர். காலி பேட்டரிய மாட்டி ஓட்டினா ஏற்கனவே சூட்ல கிடக்கற கப்ளர், ஆர்ஆர் டயோடு எல்லாம் இன்னும் அதிக கரண்ட்ட தள்ளணும், பேட்டரியும் அரைகுறையா தான் ஏறும்.

லித்தியம் பேட்டரி போட்டா?

நம்பர் எல்லாம் மாறும். 12.8ன்னா லெட் ஆசிட்டுக்கு ஃபுல், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு கிட்டத்தட்ட காலி, அது 13.3 சுமாருக்கு இருக்கணும். 14.6க்கு மேல தாங்காது, அதனால ஆர்ஆர் சரியா கட்டுப்படுத்துதான்னு பாத்துட்டு தான் மாட்டணும். சல்பேட் எடுக்கற மோடு உள்ள சார்ஜர் போடக் கூடாது.

ரோட்ல போய்ட்டு இருக்கும்போது சார்ஜிங் போயிடுச்சு, எவ்வளவு தூரம் போகலாம்?

எஃப்ஐ வண்டில பெட்ரோல் பம்ப், ஈசியூ, இக்னிஷன், ஹெட்லைட் எல்லாம் சேந்து 8, 10 ஆம்பியர் இழுக்கும். 9 ஆம்பியர் ஹவர் பேட்டரி முழுசா இருந்தாலே ஒரு மணி நேரம் தாங்காது, பாதி தான் இருந்தா அரை மணி நேரத்துக்கும் கம்மி. பகல்னா ஹெட்லைட் பியூஸ பிடுங்கிடுங்க, அதுவே 4, 5 ஆம்பியர் மிச்சம், போற தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். போன் சார்ஜர், ஃபாக் லைட் எல்லாம் ஆஃப். பிரேக்க தேவையில்லாம அழுத்திட்டே நிக்காதீங்க, பிரேக் பல்பும் 21 வாட். இஞ்சின ஆஃப் பண்ணாதீங்க, இன்னொரு தடவ செல்ஃப் எடுக்கற அளவு பேட்டரில இருக்காது. இருட்டிடுச்சுன்னா லைட் இல்லாம ஓட்டாதீங்க, ஓரமா பாதுகாப்பான இடத்துல நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க.